பத்து விநாடிக்கு ஒரு ஊர்

நல்ல காரியம் செய்ய யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

'இதென்ன கேள்வி?' என்பீர்கள். நடுரோட்டில் கிடக்கும் கண்ணாடித் துண்டை எடுத்து ஓரமாகப் போட எவரும் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதுவதில்லை. வழி தெரியாமல் நிற்பவருக்கு வழி சொல்ல கலெக்டர் கையெழுத்து தேவையில்லை. நல்லது என்று பட்டால் செய்துவிட்டுப் போகவேண்டியதுதானே? தவிர, கேட்டால் காரியம் கெடும் என்பதும் நம் ஊரில் பல பேருடைய அனுபவம்.

ஆனால் ஒரு இடத்தில் இந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கும் மேலாக ரொம்ப சீரியஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் மனிதர்களைப் பார்த்து அல்ல, மெஷின்களைப் பார்த்து.

விக்கிப்பீடியாவைச் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்ற கலைக்களஞ்சியம். தமிழில் 2003ல் ஆரம்பித்து, 2017ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இதில் ஒரு கட்டுரையைத் திருத்த நீங்கள் தமிழ்ப் புலவராக இருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரள்கிறீர்கள், புதுக்கோட்டை பற்றிய பக்கத்தில் ஒரு தப்பு கண்ணில் படுகிறது. 'தொகு' என்ற இடத்தில் அழுத்தித் திருத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நீங்கள் யார், என்ன படித்திருக்கிறீர்கள், ஏன் விழித்திருக்கிறீர்கள், எதையும் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவு தாராளமான வீட்டில் ஒருவன் மட்டும் வாசலில் நின்று 'வரலாமா?' என்று கேட்க வேண்டும். அவன் பெயர் பாட். தமிழ் விக்கிப்பீடியாவில் 'தானியங்கி' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஒரே மாதிரியான வேலையை ஆயிரம் தடவை அலுக்காமல் செய்கிற சின்ன புரோகிராம்தான். அழிந்துபோன படத்தின் இணைப்பை எடுப்பது, ஒரு தலைப்பின் கீழ் இருக்கும் கட்டுரைகளை எல்லாம் இன்னொரு தலைப்புக்கு மாற்றுவது, புள்ளிவிவரப் பட்டியலைக் கட்டுரையாக அடுக்குவது, இந்த மாதிரி.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள், 2024க்கு முன் 497 ஊராட்சிகள். உங்கள் ஊர் அதில் ஒன்று என்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் பெயரைத் தட்டிப் பாருங்கள். அநேகமாக ஒரு பக்கம் இருக்கும். எந்தச் சட்டமன்றத் தொகுதி, எத்தனை வார்டு, 2011 கணக்கெடுப்பில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று ஆரம்பித்து, குடிநீர் இணைப்பு இத்தனை, கைக்குழாய் இத்தனை, மேல்நிலைத் தொட்டி இத்தனை, ஊரணி இத்தனை, சுடுகாடு இத்தனை என்று ஒரு பட்டியலோடு போகும். கடைசியில் ஊராட்சிக்குள் அடங்கிய சிற்றூர்களின் பெயர்கள். இதை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. தமிழ்நாட்டில் அப்போதிருந்த 12,500 சொச்சம் ஊராட்சிகளுக்கும் அரசின் ஊரக வளர்ச்சித் துறைத் தரவுகளை வைத்து இப்படிப் பக்கங்கள் போட்டது, 'நீச்சல்காரன்' என்ற பெயரில் எழுதுகிறவர் இயக்கும் தானியங்கி. 2015 வாக்கில் நடந்தது. சந்திப் பிழை பார்க்கும் 'நாவி' என்ற மென்பொருளைச் செய்தவரும் அவர்தான்.

இப்போது ஒரு கற்பனை. அறந்தாங்கியில் ஒரு தம்பி இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினீயரிங் படித்தவன், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். தன் மாவட்டத்துப் பக்கங்களைப் பார்க்கிறான். ஒரு இடத்தில் 'கோயில்' என்றிருக்கிறது, ஒரு இடத்தில் 'கோவில்' என்றிருக்கிறது. 2024ல் புதுக்கோட்டை மாநகராட்சியாகி, சுற்றியிருந்த சில ஊராட்சிகள் அதில் சேர்ந்துபோன விஷயம் பல பக்கங்களில் ஏறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி உட்கார்ந்து பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதுகிறான். 497 பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் ஒழுங்கு பண்ணிவிடும். சம்பளம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. சுத்தமான தொண்டு.

பட்டனை அழுத்தலாமா? கூடாது என்கிறது விதி. முதலில் தனக்கென்று இல்லாமல் மெஷினுக்கென்று தனிக் கணக்கு தொடங்க வேண்டும். பெயரைப் பார்த்தாலே இது மனிதன் இல்லை என்று தெரிய வேண்டும். பிறகு, என்ன செய்யப்போகிறேன், எப்படிச் செய்யப்போகிறேன் என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுத வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்பார்கள். 'சரி, ஒரு ஐம்பது பக்கம் மட்டும் செய்து காட்டு' என்பார்கள். செய்தவுடன் ஐம்பதையும் பிரித்துப் பார்ப்பார்கள். திருப்தி என்றால்தான் அனுமதி. தமிழில் அவ்வளவு பெரிய ஆபீஸ் எல்லாம் கிடையாது. தொடர்ந்து எழுதுகிறவர்களே சில நூறு பேர்தான். அவர்கள் பொது விஷயங்களைப் பேசிக்கொள்ளும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். மரம்தான் சின்னது, வழக்கம் இதேதான்.

தம்பிக்குக் கோபம் வருகிறது. 'ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ ஒருத்தன் வந்து கிறுக்கலாம், அவனை யாரும் கேட்கமாட்டீங்க. நான் ஒழுங்கா, டெஸ்ட் பண்ணி, இலவசமா செய்யறேன்னா என்னை மட்டும் க்யூவில் நிக்கச் சொல்றீங்க. இது என்ன நியாயம் சார்?'

நியாயமான கோபம். பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவசரமில்லாத வேலை என்றால் ஒரு பாட் பத்து விநாடிக்கு ஒரு திருத்தம் என்ற வேகத்தில் போனால் போதும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் ரொம்ப நாள் இருந்த வழிகாட்டல். அந்த நிதானத்தில் போனாலும் 497 ஊராட்சிகள் 83 நிமிஷத்தில் முடிந்துவிடும். விராலிமலையில் ஆரம்பித்து மணமேல்குடி கடற்கரை வரை, ஒரு சினிமாவின் இடைவேளை கடந்து கொஞ்ச நேரத்துக்குள். தமிழ்நாடு முழுக்க என்றால் சுமார் 35 மணி நேரம்.

இப்போது அந்தப் புரோகிராமில் ஒரு சின்னப் பிசகு. ஆண்கள் கட்டமும் பெண்கள் கட்டமும் இடம் மாறிவிட்டன என்று வையுங்கள். ஒரு மனிதன் செய்திருந்தால் ஒரு ஊரில் தப்பு. இங்கே 83 நிமிஷத்தில் ஒரு மாவட்டமே தலைகீழ். அதைக் கையால் சரிசெய்ய, பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் பதினாறரை மணி நேரம். செய்பவர் யார்? சம்பளம் வாங்காத இன்னொருவர். ஸ்கூல் விட்டு வந்து பேப்பர் திருத்திவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு உட்காருகிற ஒரு டீச்சராக இருக்கலாம். மெஷின் கெடுத்ததை மெஷினே திரும்ப எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஓட்டியவர் ஊரில் இருந்தால். கல்யாணமாகி, வேலை மாறி, அவர் இதையெல்லாம் மறந்துபோயிருந்தால்?

ஆகவே தம்பி, உன் எண்ணம் நல்லதா என்று யாரும் கேட்கவில்லை. உன் எண்ணம் தப்பினால் அடுத்தவருடைய எத்தனை ராத்திரி போகும் என்றுதான் கேட்கிறார்கள்.

இது பாதி பதில்தான். மீதிப் பாதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது.

விக்கிப்பீடியாவில் 'அண்மைய மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. யார் எங்கே எதை மாற்றினாலும் அடுத்த கணம் அங்கே ஒரு வரி விழும். ஆர்வமுள்ளவர்கள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ராத்திரி இரண்டு மணி ஆசாமி கிறுக்கினால் காலையில் எவராவது கண்டுபிடித்து அழித்துவிடுகிறார் என்றால் இந்தத் திண்ணையால்தான். 83 நிமிஷத்தில் 497 வரி விழுந்தால் திண்ணைக்காரர்களுக்குத் தெருவே தெரியாது. அதனால் அனுமதி பெற்ற பாட்டுக்கு ஒரு கொடி கொடுக்கிறார்கள். கொடி இருந்தால் அதன் வேலைகள் அந்தப் பட்டியலில் சாதாரணமாகத் தெரியாது. விரும்பித் தேடினால்தான் தெரியும்.

புரிகிறதா? எழுதுவதற்கு அனுமதி எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கிறது. பாட் கேட்பது வேறு: 'இனிமேல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்' என்பதற்கான அனுமதி.

நம் வாழ்க்கையில் இது தினமும் நடக்கிறது. புது டிரைவரை வைத்தால் முதல் பத்து நாள் முதலாளி முன் சீட்டில் உட்கார்ந்து, கியர் போடுவதையும் பிரேக் பிடிப்பதையும் கவனிக்கிறார். பதினோராம் நாள் பின் சீட்டில் சாய்ந்து தூங்குகிறார். டிரைவர் முதல் நாளே, 'ஐயா, நான் நல்லவன், நீங்க தூங்குங்க' என்றால் நாம் இறங்கிக்கொள்வோம். நல்லவனா இல்லையா என்பது அப்போது கேள்வியே இல்லை. தூக்கம் நம்முடையது, அதை நாம்தான் தர வேண்டும்.

கேட்காமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு கதை இருக்கிறது. 2009 வாக்கில் தமிழ் விக்கிப்பீடியாவில் திடீரென்று நீள நீளமான கட்டுரைகள் முளைத்தன. நடிகர்கள், பாடகர்கள், அமெரிக்க சமாச்சாரங்கள். தமிழ் ஒரு மாதிரி இருந்தது. வாக்கியம் ஆரம்பிக்கும், முடியும், நடுவில் அர்த்தம் எங்கோ இறங்கிப் போயிருக்கும். இன்னும் எழுதப்படாத கட்டுரைகளுக்கான சிவப்பு இணைப்புகள் பக்கம் பூராவும். 'இதை ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள்?' என்று பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வராது. விசாரித்ததில், கூகுள் நிறுவனம் காசு கொடுத்து ஆட்களை வைத்துத் தன் மொழிபெயர்ப்புக் கருவி மூலம் இந்திய மொழிகளில் செய்த வேலை இது என்று தெரிந்தது. கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. தமிழில் தகவல் குறைவு, கூட்டலாம் என்று வந்தவர்கள். ஆனால் ஆலமரத்தடியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. பேசினார்கள், தரம் பற்றி நிபந்தனை வைத்தார்கள், எந்தக் கட்டுரைகள் தேவை என்று சொன்னார்கள். அவர்களுடைய விமர்சனம் 2010ல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாடு வரை போயிற்று. வங்காளிகள் இன்னும் கறார், 'எங்களுக்கு இது வேண்டாம்' என்றே சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் பாட் இல்லை, மனிதர்கள்தான். ஆனால் கேட்டால் பதில் சொல்லாத மனிதருக்கும் மெஷினுக்கும் படிக்கிறவர் பார்வையில் என்ன வித்தியாசம்?

சரி, ஆலமரத்தடியில் என்னதான் கேட்பார்கள்? நம் அறந்தாங்கித் தம்பியின் 'கோவில்'களை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் 'கோயில்' ஆக்கிவிடலாம் என்பது அவன் எண்ணம். ஒரு வரி புரோகிராம். ஆனால் இரண்டுமே தமிழில் ஒப்புக்கொள்ளப்பட்ட வடிவங்கள். ஆவுடையார்கோவில் என்று பஸ் போர்டில் பார்த்தே வளர்ந்தவருக்கு அது பிழை இல்லை, ஊர். குன்னாண்டார்கோவிலுக்கு இன்னும் ஒரு சிக்கல். இலக்கணம் தெரிந்தவர்கள் 'குன்றாண்டார்' என்பார்கள். குன்றை ஆண்டவர். ஊர்க்காரர்கள் குன்னாண்டார் என்கிறார்கள், ஒன்றியத்தின் பெயரும் அப்படித்தான். புரோகிராம் எதை வெட்டும், எதை ஒட்டும்? கறம்பக்குடியைப் பாருங்கள். வல்லின 'ற'. ஆங்கிலத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து மெஷின் தமிழாக்கினால் 'கரம்பக்குடி' ஆகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டு 'ர'வும் ஒன்றுதான். ஆலங்குடி அலங்குடி ஆகலாம். ஒரு ஊரின் நெடிலைக் குறிலாக்கிவிட்டு 'சின்னத் தப்புதானே' என்று அந்த ஊர் டீக்கடையில் போய்ச் சொல்லிப் பாருங்களேன்.

ஆங்கில விக்கிப்பீடியா இதை எப்போதோ உணர்ந்துகொண்டது. மனிதன் பக்கத்தில் இருந்து பார்க்காமல் தானாக எழுத்துப்பிழை திருத்தும் பாட்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பிழை மாதிரி தெரிவதெல்லாம் பிழை இல்லை என்பதுதான் காரணம்.

அங்கேயே இன்னொரு பாட். க்ளூபாட் என்று பெயர், 2010லிருந்து இப்போதைய வடிவத்தில் ஓடுகிறது. விஷமத்தனமான கிறுக்கல்களைக் கண்டுபிடித்து விநாடிகளில் அழிப்பது அதன் வேலை. அதைச் செய்தவர்கள் முன்னால் ஒரு கேள்வி வந்தது: நல்ல மனதோடு எழுதியவரையும் தப்பாக அழித்துவிடும் வாய்ப்பு எவ்வளவு இருக்கலாம்? ஆயிரத்துக்கு ஒன்று என்கிற அளவில் வைத்தால் பாதிக்கு மேற்பட்ட விஷமங்கள் தப்பிவிடுகின்றன. கொஞ்சம் தளர்த்தினால் அதிகம் பிடிபடும், கூடவே அப்பாவிகளும் அதிகம் அடிபடுவார்கள். ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று நம் சினிமா வக்கீல்கள் கையை ஆட்டிப் பேசுவார்களே, அதையே இங்கே ஒரு எண்ணாகத் தட்டி உள்ளே கொடுக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர் தன் வீட்டில் உட்கார்ந்து தனியாகத் தட்டிவிடக் கூடிய எண் இல்லை அது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அனுமதி முறை என்பது ஏதோ புனிதமான ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் நம் தாலுகா ஆபீஸ் வாசனை உண்டு. கேட்டவர் பத்து நாள் காத்திருப்பார், பதிலே இருக்காது. எவராவது ஒருவர் வந்து சம்பந்தமில்லாத கேள்வி கேட்டுவிட்டுப் போவார். சின்ன மொழிகளில் கேட்பவரும் கொடுப்பவரும் ஒன்றாக டீ குடிக்கிற நண்பர்கள். 'நம்ம ஆள்தானே' என்று கொடி கொடுப்பதும் நடக்கலாம், 'இவன் யார் புதுசா?' என்று இழுத்தடிப்பதும் நடக்கலாம். காத்திருந்து சலித்து ஒரு திறமைசாலி போய்விட்டால் அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வராது.

பாட்கள் செய்ததெல்லாம் நல்லதா என்றால் அதுவும் சொல்ல முடியாது. 2002ல் டெரெக் ராம்சே என்ற அமெரிக்கர் ஒரு பாட்டை வைத்து அமெரிக்க ஊர்களைப் பற்றிச் சுமார் 30,000 கட்டுரைகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் கொட்டினார். குத்துமதிப்பாக ஒரு பக்கத்தைத் திறந்தால் எங்கோ ஒரு அமெரிக்கக் குக்கிராமம்தான் வரும் என்ற நிலை. பாட்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு ஸ்வீடனில் ஸ்வெர்க்கர் யோஹான்சன். அவருடைய மனைவியின் தாய்நாடு பிலிப்பைன்ஸ். அங்கே பேசப்படும் செபுவானோ மொழியில் அவருடைய பாட் லட்சக்கணக்கில் கட்டுரைகள் எழுதித் தள்ளியது. இன்று செபுவானோ விக்கிப்பீடியாவில் அறுபது லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். ஆங்கிலத்துக்கு அடுத்த இடம்! ஆனால் எழுதுகிற மனிதர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆள் இல்லாத ஊரில் பத்தாயிரம் வீடு கட்டி, எல்லா வீட்டு வாசலிலும் விளக்கு போட்ட மாதிரி.

புதுக்கோட்டையின் 497 பக்கங்களும் அப்படித்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், இவற்றைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்து சொந்த ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டுகிறவருக்கு ஒரு பக்கம் வருகிறதே, அதில் தன் சிற்றூரின் பெயரும் இருக்கிறதே, அது சின்ன விஷயம் இல்லை. ஜில்லா கெஜட்டியர்களில் கோயில் இல்லாத, கோட்டை இல்லாத ஊருக்கு ஒரு வரி கிடைத்திருந்தாலே பெரிது. ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. அந்தப் படிவத்தில் கைக்குழாய்க்குக் கட்டம் உண்டு, கல்வெட்டுக்குக் கிடையாது. குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஊராட்சிக் கணக்கில் அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. ஆலமரத்தடியில் கேட்டாயிற்று, பேசியாயிற்று, கொடியும் கொடுத்தாயிற்று. 497 ஊர்க்காரர்களைக் கேட்டது யார்? தங்கள் ஊரைப் பற்றி உலகத்துக்குச் சொல்லப்படும் முதல் விஷயம் சுடுகாடுகளின் எண்ணிக்கையாக இருக்கலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அனுமதி கொடுப்பவர்கள் எழுதுகிறவர்கள், எழுதப்படுகிறவர்கள் அல்ல. இதற்கு எந்த விதியும் தீர்வு சொல்லவில்லை. 2011 எண்களே இன்னும் நிற்கின்றன. அடுத்த கணக்கெடுப்பு 2027ல்தான். ஒரு ஊர் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தன் போட்டோவை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இருந்தாலும் அனுமதி முறையில் ஒரே ஒரு விஷயத்துக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பாட் செய்யும் எல்லாவற்றுக்கும் அதை ஓட்டுகிறவர் பொறுப்பு. 'மெஷின் பண்ணிடுச்சு' என்று சொல்ல முடியாது. பாட்டின் பக்கத்தில் இன்னார் ஓட்டுகிறார் என்று இருக்கும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ல் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது. நிலம் விற்றது, தண்ணீர் பங்கிட்டது, கோயிலுக்குக் கொடுத்தது என்று நூற்றுக்கணக்கான ஊர்ச் சங்கதிகள். அந்தக் காலத்து ஆவணங்களின் கடைசியில், சம்மதித்தவர்கள் ஒவ்வொருவராக 'இவை இன்னார் எழுத்து' என்று ஒப்பமிடுவது வழக்கம். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? ஒரு குறி போடுவார். தன் குறி, தற்குறி. பின்னால் இந்த வார்த்தை வசவாகிப்போனது வேறு கதை. அவர் குறி மட்டும் போதாது. எழுதத் தெரிந்த இன்னொருவர், இது இவருடைய குறிதான் என்று சொல்லித் தன் எழுத்தையும் பக்கத்தில் போட வேண்டும். குறி ஒருவருடையது, அதற்கு ஜவாப்தாரி இன்னொருவர்.

பாட் ஒரு தற்குறி. ஆயிரம் பக்கம் எழுதும், ஒரு எழுத்தும் தெரியாது. பக்கத்தில் ஒரு மனிதர் தன் எழுத்தைப் போட வேண்டும். அனுமதி கேட்பது என்பது அந்தக் கையெழுத்தைப் போடுகிற சடங்குதான்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பாட் பாவம், படிவத்தை நிரப்ப மட்டும்தான் தெரியும். இன்றைய செயற்கை நுண்ணறிவு, கேட்டால் கறம்பக்குடியைப் பற்றி நாலு பக்கம் சரளமாக எழுதித் தரும். இருக்கிற கோயிலோடு இல்லாத கோயிலையும் சேர்த்து. அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறவருக்குத் தனிக் கணக்கும் கிடையாது, கொடியும் கிடையாது. மனிதர் எழுதிய மாதிரியே உள்ளே வந்துவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2025ல் இப்படிச் சரிபார்க்காமல் ஒட்டப்பட்ட பக்கங்களை விவாதமில்லாமல் சட்டென்று நீக்க விதி கொண்டுவந்தார்கள். அதே வருஷம் கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடிவிட முடிவானது. அந்த மொழி தெரியாதவர்கள் மெஷினை வைத்துக் கொட்டியது சேர்ந்துபோய், நல்லதையும் கெட்டதையும் பிரித்து எடுக்க ஆள் இல்லை. பேசுகிறவர்களே சில பத்தாயிரம் பேர் உள்ள மொழி. தமிழுக்கு அந்தக் கதி வராது என்பீர்கள். வராமலிருக்கலாம். ஆனால் மணமேல்குடி ஒன்றியத்து ஊராட்சிப் பக்கம் ஒன்றில் நாளை ஒரு பொய் ஏறினால், அதைப் பொய் என்று சொல்லத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தை என்றைக்குப் பார்ப்பார்?

அறந்தாங்கித் தம்பி என்ன ஆனான்? நம் கற்பனையில் அவன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான். ஐம்பது பக்கம் செய்து காட்டினான். கோவில்களைத் தொடாதீர்கள் தம்பி, மாநகராட்சி விஷயத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் ஒன்றியத்தின் பெயர் மாறிப்போனதை ஒருவர் கண்டுபிடித்தார். அவனும் திருத்திக்கொண்டான். முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் அவன் தன் அம்மாச்சி ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். ஊரணிகள் அல்லது குளங்கள் என்று போட்டு, எதிரே ஒரு எண் இருக்கிறது. பெயர்கள் இல்லை. அம்மாச்சிக்கு போன் போடுகிறான். ஒவ்வொரு ஊரணிக்கும் ஒரு பெயர், அதை யார் வெட்டியது, எதில் குடிதண்ணீர் எடுத்தார்கள், எதில் மாடு குளிப்பாட்டினார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போகிறார். அவன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறான். பெரியவர் ஞாபகத்துக்கு மேல் அச்சில் ஏதாவது ஆதாரம் கிடைக்குமா என்று தேட வேண்டும். கிடைத்தால், அந்த ஒரு பக்கத்தில் 'தொகு' என்ற இடத்தை அழுத்துவதற்கு அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.